போன் சிப்பும் டேப்லெட் சிப்பும், ஒரு முகூர்த்தப் புடவையும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

வேலைக்கு வந்த மூன்றாம் நாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "அக்கா, நம்ம ஆப் என் போன்ல சூப்பரா ஓடுது. அதே கம்பெனி டேப்லெட்ல ஏன் இப்படித் திணறுது? அது பெருசுதானே, இன்னும் நல்லா ஓடணும் இல்ல?" நான் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தேன். சிரித்ததில் புரையேறிவிட்டது. உங்களைக் கேலி செய்ததாக நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை. ஆறு வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் நினைத்தேன். நீங்களாவது வாய்விட்டுக் கேட்டீர்கள். நான் யாரையும் கேட்காமல், நினைத்ததை நம்பி ஆறு டேப்லெட் வாங்கிவிட்டேன்.

வரும் வெள்ளிக்கிழமையோடு இந்த மேசையை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். ஓய்வு பெறும் வயதில்லை, முப்பத்திரண்டுதான். ஆனாலும் காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளோடு ஆறு முகூர்த்த சீசன் குப்பை கொட்டியவளுக்குக் கொஞ்சம் பெரியமனுஷித்தனம் காட்ட உரிமை உண்டு. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எதை எப்போது சோதிக்க வேண்டும் என்பதையெல்லாம் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் சேராத ஒரு புதன்கிழமையை மட்டும் இங்கே எழுதுகிறேன். உங்கள் கேள்விக்குப் பதிலும் அதில்தான் இருக்கிறது.

நம் செயலியை நீங்கள் அலுவலகத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள், கடையில் பார்த்ததில்லை. கடையில் இப்படி நடக்கும். கல்யாண வீட்டார் வருவார்கள். அலமாரியில் இருப்பது எதுவும் பிடிக்காது. அல்லது பிடித்த புடவையில் நிறம் மட்டும் மாற வேண்டும் என்பார்கள். அப்போது விற்பனைப் பெண் டேப்லெட்டை எடுப்பார். உடலுக்கு ஒரு நிறம், பார்டருக்கு ஒரு நிறம், முந்தானைக்கு ஒரு வேலைப்பாடு என்று தொட்டுக்கொண்டே போனால் முழுப் புடவையும் திரையில் விரியும். சாய்த்தால் ஜரிகை மின்னும். பிடித்துவிட்டால் 'சரி' என்று ஒரு பொத்தான். அந்த 'சரி' நேராகத் தறிக்குப் போகும். தறியில் நீளவாட்டு நூலைப் பிணைத்துவிட்டால் அப்புறம் நிறத்தை மாற்ற வழி கிடையாது. ஒரு புடவை நெய்ய வாரக்கணக்கில் ஆகும். கல்யாணத் தேதியோ ஒரு நாள்கூட நகராது. ஆகவே திரையில் தெரிந்தது ஒன்று, தறியிலிருந்து வந்தது வேறொன்று என்றால், ஒரு பெண் தன் கல்யாணத்தன்று தான் கேட்காத புடவையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார வேண்டியதுதான்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடை முதன்முதலில் நம் செயலியை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. டேப்லெட் வாங்கித்தரும் பொறுப்பும் நம்முடையது. நான் பதினோரு வரியில் ஒரு பட்டியல் போட்டேன். பட்டியல் போடாமல் என்னால் காய்கறிகூட வாங்க முடியாது. திரை அளவு, பேட்டரி, எடை, கீழே விழுந்தால் தாங்குமா, குங்குமக் கறை துடைத்தால் போகுமா என்று எல்லாம் அதில் இருந்தது. ஒன்பதாவது வரியை அப்படியே சொல்கிறேன்: 'சிப் – என் போன் கம்பெனிதான், அதே வருட மாடல். சரி.' பக்கத்தில் ஒரு அழகான டிக்.

என் போனில் செயலி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. அதே கம்பெனி, அதே வருடம், அதைவிட மூன்று பங்கு பெரிய உடம்பு. இதற்குமேல் என்ன பார்ப்பது? பெரிய உடம்புக்குள் பெரிய மூளை இருக்கும் என்று நானாக முடிவு கட்டினேன். மனிதர்களிடம்கூட இந்தக் கணக்கு செல்லாது என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். போன் என்பது ஒற்றை அறைக் குடித்தனம். சமையல், படுக்கை, பூஜை எல்லாம் அந்த ஒரே அறைக்குள். அதுபோல அழைப்புக்கான சிக்னல் வேலை, கேமரா வேலை, திரை வேலை எல்லாவற்றையும் ஒரே சிப்புக்குள் அடக்கியாக வேண்டும். கேமராவுக்காகவே ஒரு பகுதி தனியாக உழைக்கும். போனை ஏராளமானோர் வாங்குகிறார்கள், அடிக்கடி மாற்றுகிறார்கள். அதனால் கம்பெனிகள் புதிய சிப்பை முதலில் போனுக்குத்தான் கொடுக்கும். ஆனால் ஒற்றை அறைக்கு ஜன்னல் கிடையாது. சூடு வெளியே போக இடமில்லை. ஆகவே போன் சிப் ஓட்டப்பந்தயக்காரனாகத்தான் இருக்க முடியும். சட்டென்று ஓடும், சட்டென்று உட்காரும். நாம் போனைப் பயன்படுத்துவதும் அப்படித்தானே? எடுத்தோம், பார்த்தோம், பையில் போட்டோம்.

டேப்லெட் பெரிய வீடு. ஆனால் நடுத்தர விலை டேப்லெட்டில் கையிலிருப்பதெல்லாம் கூடத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்குமே, அதாவது திரைக்கும் பேட்டரிக்குமே, சரியாகப் போய்விடும். சமையலறைக்குப் பழைய வீட்டு அடுப்பையே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். டேப்லெட் வாங்குகிறவர்கள் குறைவு. வாங்கியவர்களும் அதில் படம் பார்ப்பார்கள், பிள்ளையைப் பாடம் படிக்கச் சொல்வார்கள், வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். அதற்கு முன்னொரு போனில் போட்ட சிப்போ, ஒரு படி கீழே உள்ள சிப்போ போதும் என்பது கம்பெனியின் எண்ணம். அழைப்பு வராத டேப்லெட் என்றால் சிக்னல் வேலையே வேண்டாம். திரை பெரிதாவதால் வரைய வேண்டிய புள்ளிகள் மட்டும் பெரும்பாலும் கூடிவிடும். வேலை கூடுதல், ஆள் சுமார்.

இதைப் படித்துவிட்டு 'டேப்லெட் என்றால் மந்தம்' என்று குறித்துக்கொள்ளாதீர்கள். விலை உயர்ந்த டேப்லெட்டுகள் வேறு ஜாதி. அந்தப் பெரிய உடம்பில் சூடு பரவ இடம் இருப்பதால் கம்ப்யூட்டரில் போடும் வகைச் சிப்பையே அதில் போடுகிறார்கள். எந்தப் போனும் கிட்டே நிற்க முடியாது. உடம்பைப் பார்த்து மூளையைச் சொல்லாதே என்பதுதான் விஷயம். நான் உடம்பைத்தான் பார்த்தேன்.

சோதனை செய்யாமல் இல்லை. அலுவலகத்தில், மின்விசிறிக்குக் கீழே, ஒரே ஒரு டேப்லெட்டில், ஐந்தாறு நிறம் மாற்றிப் பார்த்தேன். லேசாகத் திக்கியது. பழகினால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். யார் பழக வேண்டும், நானா டேப்லெட்டா என்று யோசிக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை சித்திரை வெயில். புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டுக்குத் தொடங்கும். முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள் அதற்குள் முடித்துவிடப் பார்ப்பார்கள். ஆகவே நாள் முழுக்கப் பரவி வரவேண்டிய கூட்டம் பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஒரே மூச்சில் வரும். மற்ற ஊரில் யாராவது செயலி செய்தால் இந்த ஒன்றரை மணி நேரத்தை அவர்கள் யோசிக்க வேண்டியதில்லை. நான் இந்த ஊர்க்காரி. எங்கள் வீட்டிலேயே ராகு காலம் பார்க்காமல் பால் பாக்கெட் தவிர எதுவும் வாங்க மாட்டார்கள். நானே மறந்துவிட்டேன்.

பத்தரைக்கு ஆறு டேப்லெட்டும் ஆறு குடும்பங்களின் முன்னால். புடவை விரித்துக் காட்டும் மெத்தைகளில், எனக்குப் பக்கத்து மெத்தையில் தென்னேரியிலிருந்து வந்த குடும்பம்: மணப்பெண் நந்தினி, அவள் அப்பா, அப்பாவின் அக்கா. அந்த அத்தைதான் தலைவி என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தவள் செல்வி. என் வயதுதான். அந்தக் கடையில் எட்டு வருடமாக விற்பனைப் பெண்.

செல்வி முந்தானையைத் தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டாள். பார்டர் மாறியது. மூன்றாவது முறை தொடுவதற்குள் முதல் தொடலுக்கான முந்தானை வந்து சேர்ந்தது.

"இன்னாமா இது, இன்னிக்கித் தொட்டா அடுத்த வாரம் வரும் போலக்குது?" என்றார் அத்தை.

"ஏரி மதகு தொறந்தா கடமடைக்குத் தண்ணி மெதுவாத்தான்கா வரும்," என்றார் அப்பா. அவர் உதவிக்கு வருகிறாரா காலை வாருகிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

ஆறு மெத்தையிலும் இதே கதை. கடை முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து என் காதருகே குனிந்தார். "சுகன்யாம்மா, டெஸ்ட் பண்ணியாச்சுன்னு நீதானே சொன்ன?"

"பண்ணேன் முதலாளி."

"எதுல? கனவுலயா?"

பதற்றத்தில் முதலில் வரும் யோசனை பெரும்பாலும் ஏற்கெனவே செய்த தப்பின் தங்கச்சியாகத்தான் இருக்கும். என் போனில் நன்றாக ஓடியதே என்ற நினைப்பு அப்போதும் போகவில்லை. விற்பனைப் பெண்களிடம் இருந்த நல்ல போன்கள் மூன்று, என்னுடையது ஒன்று, நான்கிலும் செயலியை ஏற்றினேன். அற்புதமாக ஓடியது. திரை சின்னது என்று முணுமுணுத்தார்கள், ஆனாலும் முந்தானை தொட்டவுடன் வந்தது. எனக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சு கால் மணி நேரம் இருந்தது.

பிறகு போன்கள் சுட ஆரம்பித்தன. கூட்டத்தில் கடைக் கதவு மூடவே இல்லை. ஏசிக் காற்றெல்லாம் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. போனுக்கு மேலே கனமான உறை, உறைக்கு மேலே கை மாற்றிக் கை. சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்தது. திரை தானாக மங்கியது. போனை வாங்கிப் பார்த்த அத்தை அதை மெத்தைமேல் வைத்துவிட்டு விரல்களை ஊதிக்கொண்டார். "தோச ஊத்தலாம்பா. பொண்ணு கைல குடுக்காதீங்க, கல்யாணத்துக்குள்ள கொப்புளம் போட்டுக்கினு நிப்பா."

மணி பதினொன்று தாண்டிவிட்டது. அப்போதுதான் செயலியின் உள்ளே நாங்கள் சோதனைக்காக வைத்திருந்த ஓர் அமைப்பு ஞாபகம் வந்தது: 'படத் தரம் – பாதி'. துணியின் படத்தைப் பாதி நுணுக்கத்தில் வரைந்து, இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். சிப்புக்கு வேலை மிகவும் குறைந்துவிடும். ஆறு டேப்லெட்டிலும் அதைத் தட்டிவிட்டேன். எல்லாம் ஓடின. தொட்டால் வந்தது, சாய்த்தால் மின்னியது. பக்கத்து மெத்தையிலிருந்து யாரோ கைகூடத் தட்டினார்கள். முதலாளி கல்லாவிலிருந்தே கட்டைவிரலை உயர்த்தினார். நான் தண்ணீர் குடித்தேன். காலையிலிருந்து அதுதான் முதல் மிடறு.

பதினொன்று முப்பதுக்கு நந்தினி ஒரு புடவையில் நின்றுவிட்டாள். அதுவரை வாயே திறக்காதவள், "இதுதான்," என்றாள். செப்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கியதும் முதலில் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். அதில் லேசாக ரோஜாவின் சாயல். பச்சை பார்டர். அத்தையும் தலையை ஆட்டினார். செல்வி வடிவத்தின் பெயரைப் பார்த்து ஆர்டர் சீட்டு எழுதினாள். அதை எட்டிப் பார்த்தேன்: 'உடல் – பொடிக் கட்டம், கத்திரிப்பூவும் மாம்பழ மஞ்சளும்.'

கட்டமா? திரையில் கட்டமே இல்லையே.

சீட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். அந்த வடிவம் கடுகு கடுகாகக் கட்டம் போட்டது. ஒரு கட்டம் கத்திரிப்பூ நிறம், அடுத்தது மாம்பழ மஞ்சள். பாதித் தரத்தில் அந்தப் பொடிக் கட்டங்கள் ஒன்றோடொன்று கரைந்துவிட்டன. ஊதாவும் மஞ்சளும் கலந்து, இல்லாத ஒரு செப்பு நிறத்தை டேப்லெட் காட்டிக்கொண்டிருந்தது. நந்தினி 'சரி' சொன்னது அந்த நிறத்துக்கு. தறியில் ஏறப்போவது கட்டம்.

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அந்த அரை நிமிடத்தில் என் தலைக்குள் ஒரு பட்டியல் ஓடியது. ஒன்று, சீட்டில் 'கட்டம்' என்று தெளிவாக இருக்கிறது, அதனால் நம்மேல் குற்றமில்லை. இரண்டு, புடவை வந்ததும் 'ஸ்கிரீன்ல கொஞ்சம் வேற மாதிரிதான் தெரியும்' என்று சொல்லிக்கொள்ளலாம், ஊரில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். மூன்று, முதலாளி இப்போதுதான் சிரித்தார். ஒவ்வொன்றும் நல்ல காரணம். பட்டியல் போடத் தெரிந்தவளுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

அப்போது நந்தினியைப் பார்த்தேன். அவள் தன் மணிக்கட்டைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, அந்த நிறம் தன் தோலுக்கு எடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கையைத் திருப்பித் திருப்பி.

"நந்தினி, ஒரு நிமிஷம்," என்றேன். "நீங்க பாத்தது தப்பான படம்."

"தப்பான படமா?" என்றார் அத்தை. "நாங்க இன்னா சினிமாவா பாத்துக்கினு இருக்கோம்?"

விஷயத்தைச் சொன்னேன். டேப்லெட்டுக்கு வலு போதவில்லை, அது என் தவறு. அதை மறைக்கப் படத்தைக் குறைத்தேன், அது இரண்டாவது தவறு. சீட்டில் இருக்கிற புடவை இந்த நிறத்தில் வராது. கேட்டுக்கொண்டிருந்த முதலாளி என் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"வேல முடிஞ்சப்புறம் ஏம்மா கெளப்பற?"

"முடியல முதலாளி. இப்போ சொன்னா இருபது நிமிஷம் போவும். அப்புறம் சொன்னா புடவை போவும்."

"இருபது நிமிஷத்துல ராகு காலம் வந்துடும்."

"அதுக்குள்ள பாக்கறேன்."

எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியாது. மெத்தைக்குத் திரும்பி வந்து, தரத்தை முழுமைக்கு மாற்றினால் டேப்லெட் நிற்கிறது, போனில் போட்டால் சுடுகிறது என்று செல்வியிடம் புலம்பினேன். அவள் சீட்டைக் கிழித்து மடித்தபடியே கேட்டாள்.

"உன் போனு ஓடிப் போயி எடுத்தாரும், ஆனா ரொம்ப நேரம் தாங்காது. அப்பிடித்தானே?"

"ஆமா."

"இது ஓடாது, ஆனா எவ்ளோ நேரம் வேணா விரிச்சுக்கினு உக்காரும்."

"ஆமா, ஆனா…"

"அப்புறம் ஏன் ரெண்டு பேரையும் ரெண்டு வேலயும் செய்யச் சொல்ற? நான் இன்னா ஏணில ஏறிப் புடவய எடுத்துக்கினே கீழ விரிச்சும் காட்டுறனா? எடுக்கறவ ஒருத்தி, விரிக்கறவ ஒருத்தி. ஊர்ல எல்லாக் கடையிலயும் அப்பிடித்தான்."

பட்டுக் கடைக்குப் போன எவரும் பார்த்திருப்பார்கள். ஏணியில் நிற்பவர் எடுத்துப் போடுவார், மெத்தையில் இருப்பவர் விரிப்பார். நானும் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். சிப் பற்றி நான் படித்ததையெல்லாம் செல்வி இரண்டு வரியில் சொல்லிவிட்டாள், சிப் என்ற சொல்லே இல்லாமல்.

செயலியில் 'படமாகச் சேமி' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, வெளியூர் உறவினருக்கு அனுப்புவதற்காக வைத்தது. போன்களின் உறையைக் கழற்றி ஏசிக்கு நேர் கீழே ஒரு ஸ்டூலில் வரிசையாக வைத்தேன். ஒரு போன் முழுத் தரத்தில் ஒரே ஒரு படத்தை வரைந்து டேப்லெட்டுக்கு அனுப்பும், பிறகு ஓய்வெடுக்கும். அடுத்த படத்துக்கு அடுத்த போன். டேப்லெட்டுக்கு வரையும் வேலையே இல்லை. வந்த படத்தைப் பெரிய திரையில் விரித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சாய்த்தால் ஜரிகை மின்னாது. ஆனால் தெரிவது உண்மை. மற்ற ஐந்து மெத்தைக்கும் விஷயத்தைச் சொல்லி, அவரவர் புடவையையும் இப்படியே திரும்பக் காட்டச் சொன்னேன்.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு நந்தினியின் புடவை, உள்ளது உள்ளபடி, திரையில் வந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"இன்னாக்கா இது," என்றாள் நந்தினி. "லுங்கி மாரி இருக்குது."

அவள் அப்பா தன் வேட்டியை ஒரு முறை பார்த்துக்கொண்டார். முதலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அது அவர் கடையின் பெருமைக்குரிய வடிவம். வேறு நான்கு புடவைகள் காட்டினோம். ஸ்டூலில் போன்கள் முறை வைத்து உழைத்தன, ஒன்றும் சுடவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக ஒரு தற்காலிக ஏற்பாடு நடந்ததில்லை. ஆனால் நந்தினி ஒவ்வொன்றுக்கும் தலையை அசைத்துக்கொண்டே இருந்தாள். பதினொன்று ஐம்பது.

"எனக்கு மொதல்ல பாத்ததுதான் வேணும்."

"அது நெஜமா இல்லாத நிறம்மா," என்றேன். "டேப்லெட் ரெண்டு கலரையும் கொழப்பிக் காட்டினது. அந்த மாதிரி துணி கிடையாது."

"இல்லாதத கேக்கறதே இவளுக்கு வேல," என்றார் அத்தை. "மாப்ளய மட்டும் எப்பிடி இருக்கற மாரியே ஒத்துக்கினாளோ."

"ஏன் கிடையாது?" என்றாள் செல்வி.

எழுந்து போய், நிறம் காட்டுவதற்காக வைத்திருக்கும் நூல் சிட்டங்களில் இரண்டை உருவிக்கொண்டு வந்தாள். ஒன்று கத்திரிப்பூ, ஒன்று மாம்பழ மஞ்சள். "கட்டம் கட்டமாப் போட்டாத்தான் தனித்தனியாத் தெரியும். நீட்டு நூலு கத்திரிப்பூ, குறுக்கு நூலு மாம்பழம்னு போட்டா? ஒண்ணு மேல ஒண்ணு ஏறி எறங்கும். கண்ணு ரெண்டையும் ஒண்ணாத்தானே பாக்கும்?" இரண்டு சிட்டத்திலிருந்தும் நூலை எடுத்துச் சேர்த்து முறுக்கி, நந்தினியை எழுப்பி வாசலுக்கு அழைத்துப் போனாள். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம்.

வெயிலில் அந்த முறுக்கு செம்பாகத் தெரிந்தது. செல்வி கையை லேசாகத் திருப்பினாள். ஊதா ஒரு கணம் ஓடி மறைந்தது. நந்தினி நூலுக்குப் பக்கத்தில் தன் மணிக்கட்டை வைத்துப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தாலே போதுமாக இருந்தது.

"முகூர்த்தத்துக்கு வெங்காயத் தோல் கலரா?" அத்தை விடவில்லை. "மணையில ஒக்காரும்போது செவப்பு வேணாமா? ஊர்ல நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"அக்கா," என்றார் அப்பா. "கட்டிக்கப் போறது அவ. நீ ஏன் வெங்காயம் உரிக்கற?"

அத்தை தம்பியை முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி. பச்சை பார்டர் வாணாம். அரக்கு போடு. அதுவும் இல்லன்னா நான் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடுவேன்."

பதினொன்று ஐம்பத்தேழுக்குச் செல்வி புதுச் சீட்டு எழுதினாள். அவள் எழுதும்போது நந்தினியிடம் ஒன்றைச் சொல்லிவிட்டேன். இந்த நிறத்தை எங்கள் செயலியால் காட்ட முடியாது. போனாலும் முடியாது, டேப்லெட்டாலும் முடியாது. முறுக்கின நூலும் நெய்த துணியும் அப்படியே ஒன்றாக இருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. தெரிந்தேதான் எடுக்கிறீர்களா? அவள் தலையை ஆட்டினாள். "இந்த நூல நான் எடுத்துக்கினு போவலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று சாயங்காலம் நம் மேலாளருக்கு எழுதினேன். நடந்தது, என் பங்கு, இனி செய்ய வேண்டியது. திட்டு வந்தது, நியாயமான அளவில். அந்த ஒன்பதாவது வரியை நான்கு வரிகளாக உடைத்தேன். உங்கள் கோப்பில் அதுதான் இருக்கிறது. கம்பெனி பெயரைப் பார்க்காமல் சிப்பின் முழுப் பெயரைப் பார்ப்பது. அந்தச் சிப் முதலில் எந்தப் போனில், எப்போது வந்தது என்று தேடுவது. எத்தனை டேப்லெட் கடைக்குப் போகுமோ அத்தனையையும் ஒரே நேரத்தில், கதவைத் திறந்து வைத்து, ஒன்றரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுவது. நான்காவது, படத்தைக் குறைத்தால் குறைத்திருக்கிறது என்று திரையிலேயே ஒரு மஞ்சள் பட்டையில் எழுதிக் காட்டுவது. அந்த மஞ்சள் பட்டையை அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று போன வாரம் கேட்டீர்கள். எடுக்காதீர்கள்.

வேலை வேகமாக நடந்தது. நல்ல சிப் உள்ள இரண்டு டேப்லெட்டுகள் வந்தன, பழையவை படத்தை விரித்துக் காட்ட மட்டும் நின்றன. எனக்கு மட்டும் தூக்கம் சரியில்லை. எந்த இயந்திரமும் சரிபார்க்காத ஒரு நிறம் எங்கேயோ ஒரு தறியில் ஏறிக்கொண்டிருந்தது. நெய்து முடிந்த புடவையை அவர்கள் வந்து வாங்கிப்போன நாளில் நான் வாலாஜாபாத்தில் வேறொரு கடையில் இருந்தேன். செல்வியிடம் போனில் கேட்டேன். "மடிச்சு டப்பால வெச்சுக் குடுத்தாங்க, நான் பாக்கல," என்றாள். கல்யாண நாளும் வந்து போனது. யாரும் சண்டைக்கு வரவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை. பிடிக்காத புடவையை வாயைத் திறக்காமல் கட்டிக்கொள்ளும் பெண்களும் உண்டு.

அடுத்த சீசனில் ஒரு நாள் கடையில் இருந்தபோது பின்னாலிருந்து முதுகில் ஒரு தட்டு. அந்த அத்தை. இந்த முறை தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்காக வந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். நந்தினி மணையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு படத்தில் புடவை செம்பாக இருந்தது. ஹோமத் தீ பக்கவாட்டில் எரிந்த அடுத்த படத்தில் மடிப்புகளிலெல்லாம் கத்திரிப்பூ ஓடியது. நந்தினி கேமராவைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, மடியிலிருந்த முந்தானையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஊரே கேக்குது, எந்தக் கடை எந்தக் கடைன்னு," என்றார் அத்தை. "நான்தான் செலக்ட் பண்ணேன்னு சொல்லிட்டேன்."

பல மாதமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டேன். அவர் மகளை உட்கார வைத்து, புதிய டேப்லெட்டை எடுத்து வந்து பெருமையாக முன்னால் வைத்தேன். முழுத் தரம். தொட்டவுடன் முந்தானை வந்தது. அத்தை அதை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினார்.

"இது வாணாம்மா. அன்னிக்கி ஒண்ணு சரியா ஓடாமக் கெடந்துச்சே, அத எடுத்துக்கினு வா. அதுலதான் நல்ல கலரா வருது."

நான் செல்வியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அதற்குள் நூல் சிட்டங்களை எடுக்க எழுந்து போயிருந்தாள்.